கல்லில் விடுபட்ட சொல்

இலண்டன் மாநகரில் வில்ஸ்டன் என்றொரு பகுதி. அங்கே யூத மக்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று. அந்தத் தோட்டத்தில் ஒரு கல். 37 ஆண்டுகளே வாழ்ந்து, 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கண்மூடிய ஒரு பெண்மணியின் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் விஞ்ஞானி என்று கூறுகிறது அந்தக் கல். வைரஸ் கிருமிகளைப் பற்றி அவர் கண்டறிந்தவை மனித குலத்துக்கு நிலையான பயன் அளிப்பவை என்றும் கூறுகிறது. உண்மைதான், மறுப்பாரில்லை. ஆனால், இன்று உலகம் எந்தச் சொல்லுடன் சேர்த்து அவர் பெயரை உச்சரிக்கிறதோ, அந்தச் சொல் மட்டும் அந்தக் கல்லிலே இல்லை! டி.என்.ஏ. எனும் மூன்றெழுத்து அங்கே காணப்படவில்லை!

அந்த அம்மையார்தான் ரோசலிண்ட் பிராங்க்ளின்.

கல் வெட்டியவர் மறந்தாரா? குற்றம் அவருடையதன்று. உயிரின் இரகசியத்தை உலகுக்கு உணர்த்திய கண்டுபிடிப்பிலே அவருக்கும் பங்கு உண்டு என்பதை, 1958லே உரக்கச் சொல்ல எவரும் முன்வரவில்லை. உழைத்தவர் மண்ணுக்குள் உறங்கினார். ஊர்வலம் வேறு தெரு வழியே போயிற்று!

நாம் இன்று அவருடைய வரலாற்றை எடுத்துரைப்பது கண்ணீர் வடிப்பதற்காக அன்று, கணக்குப் பார்ப்பதற்காக. யார் எதைக் கண்டார், யாருக்கு எது சேரவேண்டும் என்று கேட்பது, பங்கு கேட்டுப் பழகிய நமக்குப் புதிய பாடமல்லவே!

1920ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், இலண்டனில், வசதி படைத்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தார் ரோசலிண்ட். தந்தை எல்லிஸ் பிராங்க்ளின், வங்கித் தொழில் நடத்தியவர். தாயார் மூரியல். ஐந்து மக்களுள் இரண்டாமவர் இவர். செல்வக் குடும்பந்தான், எனினும் சிந்தனைக்குத் தாழ் போட்ட குடும்பமன்று. தந்தையுடன் பிறந்த ஹியூ பிராங்க்ளின், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று போராடிச் சிறை சென்றவர்! ஆணாகப் பிறந்தும் பெண்ணுரிமைக்காகச் சிறைக்கதவைத் தட்டியவரின் பரம்பரை அது. இட்லரின் வெறியாட்டத்துக்குத் தப்பி ஓடிவந்த யூதர்கட்குப் புகலிடம் தேடித் தரும் பணியிலே தந்தையார் பெரிதும் ஈடுபட்டிருந்தார்.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியிலே ஒரு கூட்டம், இரத்தத்திலே உயர்வு தாழ்வு இருக்கிறது என்று முழங்கிற்று. ஒருவன் எந்த வயிற்றில் பிறந்தான் என்பதை வைத்தே அவன் வாழத் தகுந்தவனா, சாகத் தகுந்தவனா என்று தீர்ப்பு எழுதிற்று. அந்தத் தீர்ப்புக்குத் தப்பியவர்கள் பிராங்க்ளின் குடும்பத்தின் வாயிற்படி ஏறி வந்தார்கள். அவர்களைக் கண்டு வளர்ந்த பெண்ணே, பிற்காலத்தில், பிறப்பை நிர்ணயிக்கும் பொருளின் உருவத்தைப் படம் பிடிக்கப் போகிறார்!

1938லே கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். இரசாயனம் பயின்றார். 1941லே தேர்வு முடித்தார். முடித்து என்ன? ஆடவர்க்குக் கிடைத்த முழுமையான பட்டம் பெண்களுக்குக் கிடையாது! அதே பாடம், அதே தேர்வு, அதே வினாத்தாள். ஆனால் பெண்ணுக்குப் பெயரளவில் பட்டம். பல்கலைக் கழகத்தின் முழு உறுப்பினர் என்ற உரிமை இல்லை. நியூட்டன் உலவிய கேம்பிரிட்ஜ், டார்வின் பயின்ற கேம்பிரிட்ஜ், பெண்ணும் ஆணும் சமம் என்று ஒப்புக்கொள்ள 1948ஆம் ஆண்டு வரையிலே காலம் எடுத்துக்கொண்டது!

மாணவியாக இருந்தபோதே அவர் பகுத்தறிவுப் பாதையைத் தேர்ந்து கொண்டவர். 1940ஆம் ஆண்டு தந்தைக்கு எழுதிய கடிதமொன்றில், விஞ்ஞானம் வேறு, வாழ்க்கை வேறு என்று பிரிக்க முடியாதென்றும், மறுமையை நம்பினால்தான் மனிதனுக்குப் பிடிப்பு உண்டாகும் என்பது தமக்கு ஏற்புடையதன்று என்றும், மக்களின் நிலையை உயர்த்த நம்மாலானதைச் செய்வதே போதுமான நம்பிக்கை என்றும் பொருள்பட விளக்கியிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது! தந்தையிடம் அன்புண்டு, ஆனால் அன்புக்காக அறிவை அடகு வைக்கவில்லை.

உலகப் போர் நடந்த காலம். நிலக்கரி ஆராய்ச்சிக் கழகமொன்றில் 1942லே பணியேற்றார். கரியா? ஆம், கரிதான்! அடுப்பிலே எரிந்து சாம்பலாகும் அந்தக் கறுப்புப் பொருளுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருப்பதையும், அவை சல்லடை போல மூலக்கூறுகளை வடிகட்டுவதையும் ஆராய்ந்து சொன்னார். 1945லே டாக்டர் பட்டம் பெற்றார். 1947லே பாரிஸ் நகரம் சென்று, அரசாங்க ஆராய்ச்சிச் சாலையில் ஜாக் மேரிங் என்பாரிடம் எக்ஸ் கதிர்க் கலையைக் கற்றார். எந்தக் கரியைச் சூடேற்றினால் அது கிராபைட் ஆகும், எந்தக் கரி ஆகாது என்று வகை பிரித்துக் காட்டினார். டி.என்.ஏ.வைக் காணுமுன்பே அவர் பெயர் பெற்ற விஞ்ஞானி. தேர்ந்த கை, தெளிந்த கண்.

எக்ஸ் கதிர்க் கலை என்றோமே, அது யாது? பொருளின் அணுக்கள் நம் கண்ணுக்குத் தெரியா. எந்தக் கண்ணாடி வைத்துப் பெருக்கினாலும் அந்நாளில் தெரியாது. ஆனால், எக்ஸ் கதிரை ஒரு பொருளின் ஊடே செலுத்தினால், உள்ளேயிருக்கும் அணுக்களின் வரிசைக்கேற்ப அது சிதறி, அப்பால் வைத்த பிலிமிலே புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளை அளந்து, கணக்குப் போட்டு, உள்ளே இருக்கும் அமைப்பை உணரவேண்டும். மணலிலே பதிந்த காலடியைக் கண்டு, நடந்தவரின் உயரத்தைச் சொல்வது போன்ற வேலை அது.

1951 ஜனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே பணியேற்றார் பிராங்க்ளின். அங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான் டி.என்.ஏ.

தாயின் சாயல் மகளுக்கு எப்படி வருகிறது? தலைமுறை தலைமுறையாக இந்தச் செய்தியைச் சுமந்து வருவது எது? புரதம் என்றே நெடுங்காலம் நம்பினர். 1944லே நியூயார்க்கில் ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி எனும் மூவர் சோதனை நடத்தி, செய்தி சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டினர். சுமப்பது அதுவென்றால், அதன் உருவம் என்ன? எப்படிச் சுமக்கிறது? எப்படி நகலாகிறது? விடை தெரியவில்லை. அதுதான் அன்றைய பெரும் புதிர்.

கிங்ஸ் கல்லூரியிலே மாரிஸ் வில்கின்ஸ் என்ற விஞ்ஞானி ஏற்கனவே அதை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆய்வகத் தலைவர் ராண்டால், பிராங்க்ளினுக்கு எழுதிய கடிதத்திலே, எக்ஸ் கதிர் வேலை முழுவதும் அவருடையது என்று பொருள் கொள்ளும்படி எழுதிவிட்டார். அதை வில்கின்சுக்குச் சொல்லவில்லை. வந்தவர் தம்மைத் தனிப் பொறுப்பாளர் என்று எண்ணினார்; இருந்தவர் தமக்கு உதவியாளர் வந்ததாக எண்ணினார். தலைவர் செய்த தவறுக்கு இருவரும் தண்டனை அனுபவித்தனர்! அந்த ஆய்வகத்தில் வேறு பெண்களும் பணியாற்றினர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், ஆசிரியர்கள் அமர்ந்து உண்டு உரையாடும் அறைகளிலே ஒன்று ஆடவர்க்கு மட்டும் என்றிருந்தது. கூடத்திலே சமம், கூடி உண்ணும் இடத்திலே வேறு! இந்த வேறுபாட்டின் வேதனையை நமது நாட்டாருக்கு விளக்கவும் வேண்டுமோ?

பிராங்க்ளின் வேலையில் இறங்கினார். ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆராய்ச்சி மாணவர் அவருக்குத் துணை. டி.என்.ஏ. நூலிழையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை உப்புக் கரைசல்களைக் கொண்டு கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஈரம் குறைந்தால் ஒரு வடிவம். கூடினால் நீண்டு மெலிந்து வேறொரு வடிவம்! முன்னதற்கு ஏ என்றும் பின்னதற்கு பி என்றும் பெயரிட்டார். இரண்டும் கலந்து கிடந்ததால்தான் முந்தைய படங்கள் மங்கிக் கிடந்தன என்பது விளங்கிற்று. குழப்பத்தை அகற்றினார், படம் தெளிந்தது.

1952 மே திங்கள். மயிரிழையினும் மெல்லிய ஓர் இழை. 60 மணி நேரத்துக்கு மேலாக எக்ஸ் கதிர் பாய்ந்தது. பிலிமைக் கழுவி எடுத்தனர். கருத்த புள்ளிகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடின! அதுதான் 51ஆம் எண் படம். பெருக்கல் குறி தெரிந்தால் பொருள் திருகுச் சுருள் என்று பொருள். அளந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு 34 ஆங்ஸ்ட்ராம். அடுக்குக்கு அடுக்கு 3.4 ஆங்ஸ்ட்ராம், ஆகவே சுற்றுக்குப் பத்து அடுக்கு. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். அந்த நுணுக்கத்தைக் கண்ட கண்கள் அவை!

இதற்கிடையே கேம்பிரிட்ஜிலே, கேவண்டிஷ் ஆய்வகத்தில், வாட்சன் என்ற அமெரிக்க இளைஞரும் கிரிக் என்பாரும் உருவமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1951 நவம்பரில் பிராங்க்ளின் ஆற்றிய உரையை வாட்சன் வந்து கேட்டார். ஆனால் எண்களைச் சரியாக மனத்தில் வாங்கவில்லை. திரும்பிச் சென்று, மூன்று புரியாகத் திரித்து, பாஸ்பேட்டை உள்ளே வைத்து ஓர் உருவம் கட்டினர். பார்க்கச் சென்ற பிராங்க்ளின், பாஸ்பேட்டு நீரை நாடும் பொருள், அது வெளிப்புறத்தில்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக் காட்டினார். கட்டிய உருவம் கவிழ்ந்தது. டி.என்.ஏ. வேலையை நிறுத்துமாறு அவ்விருவருக்கும் தலைவர் பிராக் கட்டளையிட்டார்.

பிராங்க்ளினிடமும் குறை இருந்தது. ஏ வடிவத்திலேயே நெடுநாள் நின்றார். அது சுருள்தானா என்று ஐயுற்றார். அளவை முழுதும் முடியாமல் உருவம் கட்டலாகாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை அவருக்குப் பெருமை தந்தது. காலத்தைத் தின்றதும் அதுவே.

1953 பிறந்தது. கிங்ஸ் கல்லூரியை விட்டுச் செல்ல பிராங்க்ளின் முடிவெடுத்துவிட்டார். படங்கள் வில்கின்சின் கைக்கு வந்தன. ஜனவரி 30ஆம் நாள், தம்மைக் காண வந்த வாட்சனிடம் 51ஆம் எண் படத்தை எடுத்துக் காட்டினார் வில்கின்ஸ். எடுத்தவருக்குத் தெரியாது! பிப்ரவரியில், பிராங்க்ளினின் அளவுகள் அடங்கிய ஆய்வக அறிக்கை, பெரூட்ஸ் என்பார் வழியாகக் கிரிக் கைக்குச் சென்றது. இரகசிய முத்திரை குத்திய அறிக்கையன்று அது. ஆனால் அளந்தவரைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! இரண்டு புரிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடவேண்டும் என்பதை அந்த எண்களிலிருந்து உணர்ந்தார் கிரிக்.

பிப்ரவரி 28. வாட்சனும் கிரிக்கும் உருவத்தைப் பிடித்தனர். முறுக்கிய நூலேணி போன்ற உருவம்! இரு பக்கக் கயிறும் சர்க்கரையும் பாஸ்பேட்டும். படிக்கட்டுகள் நான்கு எழுத்துக்களால் ஆனவை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். அடினைன் எதிரே தைமின். குவானைன் எதிரே சைட்டோசைன். இந்த இணையன்றி வேறில்லை. ஏணியை நெடுக்கே பிளந்தால், ஒரு பாதியை வைத்தே மறு பாதியைக் கட்டிவிடலாம். உயிர் நகலாகும் விதம் இதுதான்! இந்த இணையைக் கண்ட பெருமை வாட்சனுக்கும் கிரிக்குக்கும் உரியது. அதை நாம் பிடுங்க வரவில்லை.

ஆனால் இலண்டனில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 24ஆம் நாளே, இரண்டு வடிவங்களும் இருபுரிச் சுருள் என்ற முடிவுக்குத் தம் குறிப்பேட்டிலே வந்து சேர்ந்திருந்தார் பிராங்க்ளின். பி வடிவம் குறித்து அவரும் காஸ்லிங்கும் தீட்டிய கட்டுரையின் நாள் மார்ச் 17. கேம்பிரிட்ஜ் கட்டுரை கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்ததோ மார்ச் 18! ஒரே ஒரு நாள் வித்தியாசம்!

ஏப்ரல் 25ஆம் நாள் 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. முதலில் வாட்சன், கிரிக். அடுத்து வில்கின்ஸ் குழு. மூன்றாவதாகப் பிராங்க்ளின், காஸ்லிங். முதலாவதன் அடிப்படையே மூன்றாவதில் இருக்கிறது. ஆனால் படிப்பவனுக்கு, முன்னவர் சொன்னதைப் பின்னவர் வழிமொழிவதாகத் தோன்றும்படி அடுக்கப்பட்டது. அடித்தளம் போட்டவர் அலங்கார வளைவு கட்டியவர் போலக் காட்சியளித்தார்!

அழுதாரா? அரற்றினாரா? அடுத்த வேலைக்குப் போனார்! 1953 மார்ச்சில் பர்க்பெக் கல்லூரியில் பெர்னால் தலைமையில் இயங்கிய ஆய்வகத்துக்கு மாறினார். அங்கே அவர் எடுத்துக் கொண்ட பொருள், புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் வைரஸ். அந்த வைரசிலே டி.என்.ஏ. கிடையாது, அதன் தங்கை என்று சொல்லத் தகும் ஆர்.என்.ஏ.தான் உண்டு.

ஆர்.என்.ஏ. என்பது என்ன? டி.என்.ஏ. பெட்டகத்தில் பூட்டிய மூலப் பத்திரம் என்றால், ஆர்.என்.ஏ. அதிலிருந்து எடுத்த படி. பெரும்பாலும் ஒற்றைப் புரி. தைமினுக்குப் பதில் யுராசில் எனும் எழுத்து. உயிரணுவின் உட்கருவிலே இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து கட்டளையை நகலெடுத்து, வெளியே இருக்கும் ரைபோசோம் எனும் பட்டறைக்கு எடுத்துச் செல்வது ஒரு வகை ஆர்.என்.ஏ. அங்கே மும்மூன்று எழுத்தாகப் படித்து, 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் சமைக்கிறார்கள். அந்தப் பட்டறையே பெரும்பகுதி ஆர்.என்.ஏ.வால் ஆனது. அதன் அமைப்பை, பிராங்க்ளின் கையாண்ட அதே எக்ஸ் கதிர் வழியால் துலக்கி, 2009லே நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர்களுள் ஒருவர், நமது சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

தேமல் வைரசிலே ஆர்.என்.ஏ. எங்கே ஒளிந்திருக்கிறது? பிராங்க்ளினும் ஆரன் க்ளுக் முதலான தோழர்களும் துருவினர். வைரஸ் ஒரு நீண்ட கோல். உள்ளே குழல் போல் துளை. 2,130 புரதத் துண்டுகள் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டுள்ளன. ஆர்.என்.ஏ. நடுத் துளையில் இல்லை. புரதங்களின் இடையே, மையத்திலிருந்து 40 ஆங்ஸ்ட்ராம் தொலைவில், ஒற்றைப் புரியாகச் சுற்றிக்கொண்டு பதிந்திருக்கிறது என்று காட்டினார். டி.என்.ஏ.வில் தடம் பதித்தவர் ஆர்.என்.ஏ.விலும் பதித்தார்! இரண்டிலும் பதித்த கை ஒரே கை!

1956லே நோய் வந்தது. கருப்பையை அடுத்த சூலகத்திலே புற்று. அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஓய்ந்தாரில்லை. இளம்பிள்ளை வாதத்தை விளைவிக்கும் போலியோ வைரசை ஆராயத் தொடங்கினார். மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்குமாக நடந்தார். பிரசல்ஸ் நகரத்திலே நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்காகத் தேமல் வைரசின் பெரிய உருவம் ஒன்றைத் தயாரித்துத் தந்தார். 1958 ஏப்ரல் 17ஆம் நாள் கண்காட்சி திறக்கப்பட்டது. முதல் நாள்தான் அவர் மூச்சு நின்றது! போலியோ வைரசின் அமைப்பை 1959லே வெளியிட்ட க்ளுக்கும் பிஞ்சும் அதை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினர்.

1962லே வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. இறந்தவர்க்கு அந்தப் பரிசு இல்லை என்பர், இருக்கட்டும். பரிசு இல்லாவிட்டால் பெயருமா இல்லை? 1968லே வாட்சன் தீட்டிய 'இரட்டைச் சுருள்' எனும் நூலிலே பிராங்க்ளின் எப்படி வருகிறார் தெரியுமா? சிடுசிடுப்புக்காரியாக, சீவி முடித்து அலங்கரித்துக்கொள்ளத் தெரியாத பெண்ணாக! ஆடவரைப் பற்றி எழுதும்போது அறிவை எடைபோடும் பேனா, பெண்ணைப் பற்றி எழுதும்போது ஆடையை எடைபோட்டது! அதே ஆண்டில் க்ளுக், அம்மையாரின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, விடைக்கு எத்தனை அருகில் நின்றார் என்பதை எடுத்துக் காட்டினார். 1975லே அவருடைய தோழியார் ஆன் சேயர் நூலெழுதி மறுத்தார். 2023லே 'நேச்சர்' இதழில் காப், கம்போர்ட் எனும் இருவர், பழைய கடிதங்களைத் துருவி, அவர் ஏமாற்றப்பட்ட ஏழைப் பெண்ணல்லர், நால்வருள் சமமான ஒருவர் என்று நிறுவினர்.

நாம் சொல்வதும் அதுவே. படத்தைப் பறிகொடுத்த பரிதாபத்துக்குரியவர் என்று மட்டும் அவரைப் பேசினால், அதுவும் ஒருவகை அநீதிதான். அனுதாபம் வேறு, பங்கு வேறு. அனுதாபம் கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான்; பங்கு கொடுப்பவன் பக்கத்தில் நிற்கிறான். பிராங்க்ளினுக்கு வேண்டியது பக்கத்து நாற்காலி!

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். அந்த நூலேணியை இன்று முழுதும் படித்துவிட்டார்கள். மனிதனுடையதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். ஆனால் எழுத்து வகை நான்கே நான்கு. அரண்மனையில் பிறந்தவனுக்கும் அந்த நான்குதான்; சேரியில் பிறந்தவனுக்கும் அந்த நான்குதான். எந்த இரு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரத்துக்கு ஒன்றுதான் ஏறத்தாழ மாறுபடுகிறது. முகத்திலே பிறந்தவன் எழுத்து வேறு, பாதத்திலே பிறந்தவன் எழுத்து வேறு என்று அந்த ஏட்டிலே எங்கும் எழுதவில்லை! இட்லர் சொன்ன இரத்தமும் இல்லை. இங்கே சிலர் சொன்ன பிறவி மேன்மையும் இல்லை.

பிறப்பால் எவரும் தாழ்ந்தவரல்லர் என்பதற்குச் சான்று தரும் பொருளைத் துலக்கிக் காட்டினார் ஓர் அம்மையார். பெண்ணாகப் பிறந்ததால் அவரது சான்றிதழில் கையெழுத்தை மறைத்தது உலகம். வில்ஸ்டன் கல்லில் விடுபட்ட அந்த மூன்றெழுத்தை இனி எவரும் உளி கொண்டு வெட்ட வேண்டியதில்லை. டி.என்.ஏ. பாடத்தை நடத்தும் ஆசிரியர், வாட்சன், கிரிக், வில்கின்ஸ் என்று எழுதும் கரும்பலகையிலே, அதே வரியில், அதே அளவு எழுத்தில், பிராங்க்ளின் என்றும் எழுதட்டும். கணக்கு அங்கே தீரும்!